அறவாழி மற்றும் பலர்

டோக்கன்லாம் இங்க கிடையாது சார். பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், பெஞ்சு ஆடும். இப்படி என் பக்கத்துல உக்காருங்க. நானும் சாப்பிட்ட கையோட வந்தேன், மூணு மணி இருக்கும். தாசில்தார் உள்ளதான் இருக்காரு. கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்காம், அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவாராம். அதுக்குள்ள எல்லாரையும் பாத்துருவாருன்னு பியூன் சொல்றான். பாப்போம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? வாரிசுச் சான்றிதழா? அடடா. யாரு, அப்பாவா? எத்தனை நாளாச்சு? ம். வயசானவங்க, என்ன பண்றது. உங்களுக்காவது இன்னதுதான் நடந்துச்சுன்னு ஒரே மூச்சுல சொல்லிடலாம் சார். எனக்கு அதுகூட முடியாது.

நான் வந்தது 'இருவரும் ஒருவரே'ன்னு ஒரு சான்றிதழுக்கு. கேள்விப்பட்டிருப்பீங்க. ரேஷன் கார்டுல கண்ணம்மா, பத்திரத்துல கண்ணம்மாள், ரெண்டும் ஒரே ஆளுதான்னு தாசில்தார் எழுதிக் குடுப்பாரே, அதுதான். எனக்கில்ல, எங்க வீட்டம்மாவுக்கு. டாக்டர் அவ. மங்கையர்க்கரசின்னு பேரு. மெடிக்கல் காலேஜ்ல புரொபசர். காய்ச்சல் ஆராய்ச்சியில உலகம் பூரா பேரு. அங்கதான் சார் வில்லங்கமே. உலகம் பூரா பேருதான், ஆனா அவ பேரு இல்ல. என் பேரு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. கேக்குறவங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். எனக்கு அலுத்துப் போச்சு.

அறவாழின்னு பேரு எனக்கு. அப்பா தமிழ் வாத்தியாரு, வச்சுட்டாரு. பாலிடெக்னிக்ல சிவில் டிபார்ட்மெண்ட். முப்பத்தோரு வருஷம் பசங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆயி நாலு வருஷம் ஆச்சு. டாக்டருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னா, கல்யாணம்தான் சம்பந்தம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. இந்த டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணிக் கட்டுரை எழுதுறாங்கல்ல, அது எத்தனைங்கிறது ஒரு எண்ணிக்கை. அந்தக் கட்டுரையை வேற ஊர்ல வேற டாக்டரு படிச்சுட்டு, 'இந்த விஷயத்தை இன்னார் சொல்லியிருக்காரு'ன்னு தன் கட்டுரையில எடுத்துப் போடுவான் பாருங்க, அது இன்னொரு எண்ணிக்கை. ரெண்டாவதுதான் பெருசு. நூறு எழுதி ஒருத்தனும் எடுத்துச் சொல்லலைன்னா ஊருக்கு உழைச்ச கழுதைதான். இதுல எச் இண்டெக்ஸ்னு ஒண்ணு. பெரிய கம்பசூத்திரம் இல்ல. இருபது கட்டுரை, ஒவ்வொண்ணையும் குறைஞ்சது இருபது பேரு எடுத்துச் சொல்லியிருந்தா உங்க நம்பர் இருபது. இப்பல்லாம் பதவி, பரிசு எல்லாத்துக்கும் அதைத்தான் முதல்ல பாக்குறான்.

அறவாழிக்கு எவ்வளவு தெரியுமா? இருபத்திரண்டு. முப்பத்திநாலு கட்டுரை. ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல எடுத்துச் சொல்லியிருக்கான். மங்கையர்க்கரசிக்கு எவ்வளவு? மூணு.

எப்படின்னு கேக்குறீங்களா? ஒரு பாஸ்போர்ட் பாரம் சார். அவ்வளவுதான்.

கல்யாணமாகி எட்டு வருஷம் இருக்கும். பாங்காக்ல ஒரு கருத்தரங்கு, இவளைக் கூப்பிட்டிருந்தான். பாஸ்போர்ட் எடுக்கணும். அந்த பாரத்துல 'சர்நேம்'னு ஒரு கட்டம். நமக்கு ஏது சார் சர்நேம்? இனிஷியல்தான் நமக்கு. அவ அப்பா பேரு சிங்காரம். எஸ். மங்கையர்க்கரசின்னு போட்டு நாலு கட்டுரை அதுக்கு முன்னாடியே எழுதியிருந்தா. 'இந்தக் கட்டத்துல என்னங்க எழுதுறது?'ன்னு கேட்டா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அவசரத்துல, தலையைப் பின்னிக்கிட்டே. 'நான் பாத்துக்கிறேன் போ'ன்னேன். என் பேரை எழுதினேன். வேற யார் பேரை எழுதுறது? சிங்காரம் பேரையா? சைக்கிள் கடை வச்சிருந்தாரு மனுஷன், நல்லவருதான், ஆனா பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சுல்ல.

அந்தக் கருத்தரங்குக் கட்டுரை பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே அச்சாச்சு. வெள்ளைக்காரன் வழக்கம் என்ன, சர்நேம்தான் முன்னாடி. 'அறவாழி எம்.' அந்த எம் தான் மங்கையர்க்கரசி. ஒரு எழுத்து. அப்புறம் எழுதினதெல்லாம் அதே பேர்லயே போச்சு, நடுவுல பேரை மாத்தினா எண்ணிக்கை சிதறிடும்னு அவளே சொல்லிட்டா. கட்டுரைக்குக் கீழ போடுற ஈமெயில்கூட நான்தான் ஆரம்பிச்சுக் குடுத்தேன். என் பேர்லதான். அவளுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? காய்ச்சல் சீசன் வந்துட்டா அவளை வீட்டுல பாக்குறதே அபூர்வம். குளிக்க வருவா, போயிருவா.

மத்தவன் எடுத்துச் சொல்லும்போது எப்படிப் போடுவான் தெரியுமா? 'அறவாழி எட் ஆல்.' சினிமா போஸ்டர்ல கடைசியா 'மற்றும் பலர்'னு இருக்கும்ல, அதுதான் எட் ஆல். அறவாழி மற்றும் பலர். முதல்ல பாத்தப்ப நாலஞ்சு தடவை விரலை வச்சுப் படிச்சேன் சார். மறைப்பானேன். ஒரு கனத்த புஸ்தகம், லண்டன்ல அச்சடிச்சது, அதுல என் பேரு. தபால்காரர் கவர் கொண்டாந்து 'டாக்டர் அறவாழி யாருங்க'ன்னு வாசல்ல நின்னு கேட்டாரு. 'குடுங்க'ன்னு வாங்கிக்கிட்டேன். நான் டாக்டர்னு சொல்லல. குடுங்கன்னுதான் சொன்னேன்.

என்ன ஆராய்ச்சியா? உண்ணிக் காய்ச்சல். பொதருக்குள்ள, புல்லுக்குள்ள ஒரு பொடிப் பூச்சி இருக்கு, கடிச்சா தெரியாது, வலிக்காது. கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு வரும். அதை டாக்டர் பாத்துட்டா பொழைச்சோம், சாதாரண மாத்திரைதான். பாக்கலைன்னா நுரையீரல், கிட்னி எல்லாம் ஒண்ணொண்ணா போயிரும். இந்தப் பக்கம் நாத்து நட, களை எடுக்கப் போற பொம்பளைங்க நிறையப் பேரு செத்துக்கிட்டிருந்தாங்க. டாக்டருங்க கையைப் பாப்பாங்க, காலைப் பாப்பாங்க, பொருக்கு இல்லம்பாங்க. டைபாய்டுன்னு எழுதிடுவாங்க.

இவ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிராமத்துக்குப் போனா. யாரு கூட்டிட்டுப் போனது? நான்தான். என் ஸ்கூட்டர்ல. ரெண்டு வருஷம் சார், ஞாயித்துக்கிழமை தூக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாது. அந்தோணியம்மாள்னு கிராமத்து நர்சு ஒருத்தங்க, அவங்க ஒரு பழைய புடவையைத் திரையாப் பிடிச்சுக்குவாங்க. இவ அதுக்குப் பின்னாடி ஒவ்வொரு பொம்பளையையும் முழுசாப் பாப்பா. நான் வேப்பமரத்தடியில வண்டியைச் சாய்ச்சுப் போட்டுட்டு பேப்பர் படிப்பேன். ஒருநாள் திரும்பி வரும்போது பின்னாடி உக்காந்துக்கிட்டு என் தோளைத் தட்டி 'கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு'ங்கிறா. காலையில வீட்டுச் சாவியைத் தொலைச்சிருந்தா. அதுதான் கிடைச்சுதாக்கும்னு 'பையில பத்திரமா வையி'ன்னேன். என் தோள்ல இருந்த கையை எடுத்துட்டா.

கிடைச்சது என்னன்னா, பொருக்கு. பொம்பளைங்களுக்கு அது கையில காலுல இல்ல, பாவாடை நாடா இறுக்கிக் கட்டுற இடுப்பு மடிப்புல, மாருக்குக் கீழ. ஆம்பளை டாக்டரு அங்கல்லாம் பாக்க மாட்டான், இவங்களும் காட்ட மாட்டாங்க. அந்த ஒரு கட்டுரையை மட்டும் நானூத்துச் சொச்சம் பேரு எடுத்துச் சொல்லியிருக்கான். கொரியாவுல, தாய்லாந்துல, ஜப்பான்ல. 'பெண் நோயாளிகளின் இடுப்பைச் சோதிக்கவும் - அறவாழி மற்றும் பலர்.' உலகத்துல இருக்கிற பொம்பளைங்க பாவாடை நாடாவுக்கெல்லாம் நான்தான் சார் அதாரிட்டி.

இதுல என் வருத்தம் ஒண்ணு இருக்கு. கட்டுரைக் கடைசியில நன்றின்னு ஒரு பத்தி போடுவாங்க. எழுத்தெண்ணிப் படிச்சுட்டேன். அந்தோணியம்மாளுக்கு நன்றி. ஊர்த் தலைவருக்கு நன்றி. லேப்காரங்களுக்கு நன்றி. புடவையைப் பிடிச்சவங்களுக்கு நன்றி உண்டு, ஸ்கூட்டரைப் பிடிச்சவனுக்கு இல்ல. கேட்டேன். 'உங்க பேருதான் மேலயே இருக்கே, கீழ வேற எதுக்கு?'ங்கிறா. விளையாட்டா சொன்னாளா, நிஜமா சொன்னாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

என்ன? உங்களைக் கூப்பிடுறாங்களா? போங்க போங்க. அப்பாவோட இறப்புச் சான்றிதழ் ஒரிஜினலைக் கையில வச்சுக்குங்க, அதைத்தான் முதல்ல கேப்பாரு.

முடிஞ்சுதா? அஞ்சே நிமிஷம். பாத்தீங்களா, தங்கமான மனுஷன். சீல் போட்டுக் குடுக்கணுமா? அப்ப அரை மணி நேரம் ஆவும், சீல் போடுற அம்மா டீ குடிக்கப் போயிருக்காங்க. உக்காருங்க. எங்க விட்டேன்?

நானும் ஆராய்ச்சி பண்ணினவன்தான் சார். அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பி.எச்.டி.க்குப் பதிஞ்சு பதினோரு வருஷம். உமிச் சாம்பல் கலந்த செங்கல். இந்த ஜில்லாவுல இருக்கிற அரிசி மில்லு உமியையெல்லாம் நான் தொட்டிருப்பேன். கல்லை அறுத்து, சுட்டு, மெஷின்ல வச்சு நசுக்கி, எத்தனை பாரம் தாங்குதுன்னு எழுதி. ஆயிரத்து இருநூறு கல்லு. என் கைடு என்ன பண்ணினான்? என் டேட்டா பூராவையும் எடுத்துத் தன் பேர்ல ரெண்டு கட்டுரை போட்டுட்டான். என் பேரு எங்கயும் இல்ல. கடைசியில 'மற்றும் பலர்'ல கூட இல்ல. போய்க் கேட்டேன். 'என் லேப்ல பண்ணினது என்னுது'ன்னான். அதோட விட்டுட்டேன். ஆயிரத்து இருநூறு கல்லும் அவன் லேப்புக்குப் பின்னாடி மழையில கரைஞ்சுது.

அந்த ஆளு செத்தப்பகூட நான் போகல. அடுத்தவன் உழைப்பைத் தன் பேர்ல போட்டுக்கிறதுக்கு ஒரு கல்நெஞ்சு வேணும் சார். எப்படித்தான் ராத்திரி தூங்கினானோ.

சரி, அது போவட்டும். ரிட்டையர் ஆனேனா, வீட்டுல சும்மா இருக்கேன். அந்தப் பழைய ஈமெயிலுக்கு ஒருநாள் ஒரு மெயில் வருது. கட்டுரையெல்லாம் திரட்டி வைக்கிற ஒரு சைட்டு. 'அன்புள்ள அறவாழி, இந்தக் கட்டுரை உங்களுடையதா?' கீழ ரெண்டு பட்டன். ஆம், இல்லை. நீங்களே சொல்லுங்க. 'அன்புள்ள அறவாழி'ங்கிறான். பேரு என்னுது. மெயில் என்னுது. என்னை மதிச்சு ஒரு கேள்வி கேக்குறான். பதினோரு வருஷத்துல ஒருத்தனும் கேக்காத கேள்வி. ஆமான்னு அமுக்கினேன். அடுத்ததைக் காட்டினான். ஆமா. ஆமா. ஆமா. முப்பத்திநாலு ஆமா. முடிஞ்சதும் 'வாழ்த்துகள்'னு போட்டான். போட்டோ கேட்டான், பாலிடெக்னிக் பிரிவுபசார விழாவுல மாலையோட எடுத்தது இருந்துச்சு, மாலையை வெட்டிட்டுப் போட்டேன். துறை என்னன்னு கேட்டான். சிவில்னு உண்மையைத்தான் போட்டேன். பொய்யா ஒரு எழுத்து போடல.

இருங்க, என்ன கூப்பிடுறான்? 'மங்கையர்க்கரசி'யா? ம், கேக்குது, கேக்குது. நீங்க எதுக்கு என்னைப் பாக்குறீங்க? மனு குடுத்தது அவ, சரி. உள்ள போய் வாக்குமூலத்துல கையெழுத்துப் போடப் போறது யாரு? நான்தான? வந்தவுடனே பியூன்கிட்ட சொல்லிட்டேன், 'அறவாழின்னு கூப்பிடுப்பா'ன்னு. தலையாட்டினான். அப்படிக் கூப்பிடட்டும், போறேன். இத்தனை பேரு நடுவுல ஒரு ஆம்பளை மங்கையர்க்கரசின்னா எழுந்து போக முடியுமா? மணி என்ன, நாலுதான? நேரம் கெடக்கு.

அப்புறம் தினம் காலையில காப்பியோட உக்காந்து அந்த எண்ணிக்கையைப் பாப்பேன். ஆயிரத்து இருநூத்தி எழுபது. ஆயிரத்து இருநூத்தி எழுபத்தி மூணு. பிரேசில்ல ஒருத்தன் எடுத்துச் சொல்லியிருக்கான். நல்ல மனுஷன்னு தோணும். யாருக்கு என்ன நஷ்டம் சார்? அவ பாக்குறதே இல்ல. அவளுக்கு வார்டுல முப்பது பேரு காய்ச்சல்ல கெடப்பாங்க, இதையா பாப்பா?

ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரன் எனக்கு எழுதினான். 'மதிப்பிற்குரிய டாக்டர் அறவாழி, ஒரு கட்டுரையை அனுப்பியிருக்கோம், பிரசுரிக்கலாமா வேண்டாமான்னு மதிப்பிட்டுச் சொல்லுங்க.' சொன்னேன். படம் மூணுல அளவுகோல் போடலைன்னு எழுதினேன். நிஜமாவே போடல சார், டிராயிங் எடுத்தவனுக்குத் தெரியாதா. மத்தபடி நல்லாருக்கு, வெளியிடலாம்னு எழுதினேன். உடனே ஒரு சர்டிபிகேட் அனுப்பினான், பொன்னிறத்துல பார்டர் போட்டு. பிரேம் போட்டு ஹால்ல மாட்டினேன். வேற எதை மாட்டியிருக்கேன் என் வாழ்க்கையில?

அதை அவ பாத்தா. ஞாயித்துக்கிழமை மத்தியானம். கண்ணாடியை நெத்தியில ஏத்தி, கிட்டப் போயி, ரொம்ப நேரம் படிச்சா. சத்தம் போடுவான்னு நினைச்சேன். 'அந்தக் கட்டுரையைக் காட்டுங்க'ன்னா. காட்டினேன். படிச்சா. 'இது மாசமா இருக்கிற பொம்பளைங்களுக்கு மருந்து எவ்வளவு குடுக்கணும்னு. அளவு தப்பா இருக்கு. நீங்க படிச்சீங்களா?'ன்னா. 'படம் மூணுல'ன்னு ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டா. அப்புறம் ஒரு வாரம் அந்தப் பத்திரிகைக்கு எழுதி, போன் பண்ணி, அதை நிறுத்துற வரைக்கும் ஓயல. அந்த ஒரு வாரமும் எனக்கு ரசஞ்சோறுதான். என்கிட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசல சார். பேசியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவ அலுப்பா என்னைப் பாத்தா. வார்டுல கடைசியா வர்ற பேஷண்ட்டைப் பாக்குற மாதிரி.

இப்ப விஷயம் என்னன்னா, புதுசா ஒரு காய்ச்சல் ஆராய்ச்சி மையம் வருது. அதுக்கு இயக்குநர் வேணும்னு விளம்பரம். இவ அப்ளிகேஷன் போட்டா. வர்ற தை மாசம் ஐம்பத்தெட்டு முடியுது அவளுக்கு, இதை விட்டா வயசு தாண்டிடும். பதவி ஆசை இல்ல, அதை நான் சொல்லியே ஆவணும். பொருக்கே வராத கேசுன்னு பாதி இருக்காம், அதை ரத்தத்துல கண்டுபிடிக்க ஒரு லேப் வேணுமாம், இருபது வருஷமா கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டா. அங்க போனா அந்த லேப் அவ கையில. கடைசி மூணு பேர்ல இவ ஒருத்தி. அந்த நேரம் பாத்து எவனோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். 'இந்தம்மா கட்டுரையெல்லாம் இவங்க எழுதினது இல்ல, அறவாழின்னு வேற ஒரு ஆளு எழுதினது, இதோ அவர் போட்டோ'ன்னு. என் போட்டோ சார். மாலையை வெட்டினது தோள்கிட்ட கொஞ்சம் தெரியும், அதே போட்டோ.

சைட்டுல இருந்ததை அன்னைக்கே எடுத்துட்டேன். மூணு நாள் கழிச்சு. அன்னைக்கேன்னா, அந்த வாரமே. ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழு விடல. அறவாழி எம்.மும் மங்கையர்க்கரசியும் ஒரே ஆளுன்னு தாசில்தார் சான்றிதழ் வேணும். அதோட அந்தப் புருஷன் நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும். கடைசித் தேதி இன்னைக்கு. ஆறு மணிக்குள்ள அந்தக் குழுவோட சைட்டுல ஏத்தணும். எதிர்ல ஜெராக்ஸ் கடையில சொல்லி வச்சிருக்கேன், ரெண்டு நிமிஷ வேலை. அவ வரலாம்னா வார்டை விட்டு வர முடியல, நேத்து மட்டும் ஒன்பது பேரு அட்மிஷனாம். 'உங்களை நம்பித்தான் இருக்கேன்'னு காலையில சொன்னா. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை அவ சொல்லி நான் கேட்டதில்ல.

இந்த வாக்குமூலப் பேப்பர் என்கிட்ட வந்து பதினெட்டு நாள் ஆச்சு. முன்னாடியே வந்திருக்கலாம்தான். வரப் பிடிக்கல. இந்தாங்க, நீங்களே படிங்க. நாலாவது பாரா. 'மேற்படி முப்பத்திநாலு கட்டுரைகளில் ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை என்றும், அவற்றின் ஆக்கத்தில் எனக்கு எவ்விதப் பங்கும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' எவ்விதப் பங்கும் இல்லை! படிச்சீங்களா? ரெண்டு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டினது யாரு? கவர்ல ஸ்டாம்பு ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினது யாரு? 'உறுதுணையாக இருந்தேன்'னு ஒரு வார்த்தை சேத்துக்கிறேன்னு கேட்டேன். இதை எழுதிக் குடுத்த வக்கீல் கூடாதுன்னுட்டாரு, சந்தேகத்துக்கு இடம் குடுக்கும்னு. இவகிட்ட கேட்டேன். 'நீங்க உறுதுணையா இருந்தீங்களா?'ன்னு கேட்டா சார். குத்தலாக் கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேக்குற மாதிரி கேட்டா. பேப்பரை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன்.

இதுல நான் கையெழுத்துப் போட்டுட்டா என்ன ஆவும் தெரியுமா? அத்தனையும் சிங்காரம் பொண்ணு பேருக்குப் போயிரும். எஸ். மங்கையர்க்கரசி. இருபத்திரண்டும் ஆயிரத்து முந்நூறும். அப்புறம் அறவாழின்னு உலகத்துல தேடினா ஒண்ணும் வராது. ஒரு செங்கல்லுகூட வராது. எனக்கு வயித்தெரிச்சல்தான் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா போடத்தான் வந்தேன். போடாம இருக்கணும்னு வந்திருந்தா வீட்டுலயே படுத்திருக்க மாட்டேனா?

திரும்பக் கூப்பிடுறானா? அதேதான். மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி. ரெண்டு தடவை சேத்துக் கத்துறான் இப்ப. எவ்வளவு தெளிவாச் சொன்னேன் அவன்கிட்ட. நீங்க சும்மா இருங்க சார், நீங்க கையைத் தூக்காதீங்க. இன்னொரு தடவை கூப்பிடுவான், பழக்கம் அது, மூணு தடவை கூப்பிடணும். அப்பவாவது அறவாழின்னு வருதான்னு பாப்போம். காலங்காலமா 'இன்னார் சம்சாரம்'னு கூப்பிட்டா பொம்பளைங்க எழுந்து போனாளுங்க, ஒருத்தியும் குறைஞ்சு போயிடல. நான் ஒருத்தன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கன்னா அது தப்பா?

நீங்க சொல்றதும் சரிதான். எழுந்து போனா முடிஞ்சுது. சொல்றது சுலபம். உங்களுக்கு உங்க அப்பா பேரு, உங்க பேரு, எல்லாம் அதது இருக்கிற எடத்துல இருக்கு.

அது என்ன சத்தம்? தாசில்தார் ஜீப்பா? ஜீப்பு ஸ்டார்ட் பண்றானா? மணி அஞ்சா ஆயிருச்சு? இருங்க. இந்தப் பையைப் பாத்துக்குங்க சார். ஐயா! ஐயா, ஒரு நிமிஷம்! ஐயா!

போயிட்டாரு. கேட்டைத் தாண்டிட்டாரு. ஓடி என்ன பண்றது, இந்த முழங்காலை வச்சுக்கிட்டு. பியூனைப் பிடிச்சுக் கேட்டேன். 'மூணு தடவை கூப்பிட்டேன் சார், யாரும் வரல, ஐயா பைலை மூடிட்டாரு'ங்கிறான். 'அறவாழின்னு கூப்பிடலியேப்பா'ன்னேன். 'மனுதாரர் பேரைத்தான சார் கூப்பிட முடியும்'ங்கிறான். தாசில்தார் இனிமே திங்கக்கிழமைதானாம். திங்கக்கிழமை வந்து நான் என்ன பண்ணட்டும்?

நீங்க பேச்சுக் குடுக்காம இருந்திருந்தா நான் கவனிச்சிருப்பேன் சார். உங்களைக் குத்தம் சொல்லல. எதுக்கு வந்திருக்கீங்கன்னு நீங்க கேட்டிருக்க வேணாம். கேக்கலியா? நான்தான் கேட்டேனா? யாரு கேட்டா என்ன, நேரம் போச்சு.

அவதான் கூப்பிடுறா. பாருங்க, அஞ்சு பத்து. எடுக்காம இருந்தா திரும்பத் திரும்ப அடிப்பா.

சொல்லும்மா. இல்ல. இல்லம்மா, அவரு இன்னைக்கு ஆபீசுக்கே வரல. மீட்டிங்காம். மூணு மணியிலேர்ந்து இங்கயேதான் உக்காந்திருக்கேன், ஒரு வாய் தண்ணி குடிக்கல. நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்? என்ன, குரல் ஏன் இப்படி இருக்கு? அழுறியா? இரு. இரு, பக்கத்துல ஒரு சார் இருக்காரு, அவரும் என்னை மாதிரி காத்துக் கெடந்தவருதான். அவர்கிட்டயே கேளு, குடுக்கிறேன்.

சார், ஒரே ஒரு நிமிஷம். வரலைன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்களுக்கு என்ன போச்சு? வாங்கிக்குங்க சார், லைன்ல இருக்கா. கையை நீட்டுங்க. சார்? என்ன எழுந்துட்டீங்க? சீல் போட்டது வந்துருச்சா? வந்தா என்ன, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சார். சார்!

இல்லம்மா. பக்கத்துல யாரும் இல்ல.